விதியா, அசட்டையா?

நம் பேச்சில் அடிக்கடி புழங்கும் சொற்களில் ஒன்று ‘விதி’. ‘தக்தீர்’ என்போம், ‘கத்ர்’ என்போம், ‘அல்லாஹ் எழுதியது’ என்போம். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நிகழ்கின்றன என்று நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று. இதில் முஸ்லிம் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லை எந்த இடத்தில், எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதில் நம்மிடையே பெருங்குழப்பம் இருக்கிறது. ஓரிடத்தில் ஈமானின் வெளிப்பாடாக இருக்கும் அதே சொல், வேறோர் இடத்தில் சோம்பலை மூடும் போர்வையாகி விடுகிறது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக் கொண்ட கேள்வி.

இதை வெறும் தர்க்கமாகப் பேசினால் பயனில்லை. நம் வீட்டுச் சமையற்கட்டையும் நம் வயிற்றையும் தொட்ட ஒரு விஷயத்தை முன்னால் வைத்துக் கொண்டு பேசுவோம்.

மதுரைக் காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் மஹபூப்பாளையத்திலும், சுற்றியுள்ள திருமங்கலம், மேலூர், சோழவந்தான் ஜமாஅத்துகளிலும், அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். வியாபாரம் முடிந்ததும் வயிற்றுக்குத்தான் பேச்சு வரும். நெஞ்செரிச்சல், புளியேப்பம், ‘கேஸ்’, சாப்பிட்டதும் ஒரு கனம். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை ஒருவர் சட்டைப் பையில் இருக்கும். இன்னொருவர் சோடாவையும் ஓமத் தண்ணீரையும் நம்பிக் காலந்தள்ளுவார். “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: “எங்க அத்தாவும் வயித்து நோவுலதான் மௌத்தானாரு. எனக்கும் அதுதான்னு எழுதியிருந்தா யாரால மாத்த முடியும் தம்பி?”

கேட்பவர் வாயடைத்துப் போவார். ஏனெனில் பதிலில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் சரியா?

இரைப்பைக்குள் ஒரு குடித்தனம்

மனித இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அதில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் அமிலமும்தான் என்று பாடநூல்கள் போதித்தன. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த திசுவை நுண்பெருக்கியில் பார்த்தபோது, சுருள் வடிவான பாக்டீரியாக்களைக் கண்டார். பின்னர் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். அக்கிருமியை வளர்த்தெடுக்க அவர்கள் பலமுறை முயன்றும் பலிக்கவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால், வழக்கமாக இரண்டு நாளில் கொட்டிவிடும் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் அப்படியே இருந்தன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் அந்தக் கிருமிக்கு அதுவரை போதிய அவகாசம் கொடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களிலேயே குமட்டலும் வாந்தியும் கண்டன. குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி உறுதியாயிற்று. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்பது அக்கிருமிக்குச் சூட்டப்பட்ட பெயர்.

இது எப்படி அமிலத்தில் பிழைக்கிறது? இரைப்பையில் உள்ள யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. அந்த அம்மோனியா அமிலத்தை முறித்து, கிருமியைச் சுற்றி ஒரு காப்பு வளையத்தை உண்டாக்குகிறது. பிறகு இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குள் துளைத்துச் சென்று அங்கே குடியேறி விடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் நுழையும் இது, மருந்து கொடுத்து அகற்றாவிட்டால் சாதாரணமாக ஆயுள் முழுவதும் தங்கி விடுகிறது.

நம் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவை. உணவைச் செரிக்கவும், தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் காக்கவும் அவை வேண்டும். அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை. ஆகவே பாக்டீரியா என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாம் பேசும் இந்தக் கிருமியின் வழக்கே வேறு. பல ஆண்டுகள் நீடிக்கும் அழற்சியால் சிலருக்கு இரைப்பையின் உட்படலம் தேய்ந்து மெலிகிறது. பிறகு அந்த இடத்தில் குடலின் திசுவைப் போன்ற திசு முளைக்கிறது. அதன்பின் அணுக்களின் ஒழுங்கு கெடுகிறது. கடைசியில் மிகச் சிலருக்குப் புற்றுநோய் தோன்றுகிறது. இந்தப் படிகளைக் கடக்க இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இக்கிருமியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் முதற் பிரிவில் சேர்த்தது. உணவுக் குழாயை ஒட்டிய மேற்பகுதி நீங்கலாக, இரைப்பையின் பிற பகுதிகளில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு இக்கிருமியே அடிப்படை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 9 லட்சத்து 70 ஆயிரம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டது. 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் மாண்டனர்.

நூறு பேரில் ஒருவர்

இதைப் படித்ததும் மனம் பதறலாம். பொறுங்கள். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் இக்கிருமி இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்ந்து, வேறு காரணங்களால் முதுமையில் இறக்கின்றனர். கிருமி தங்கியவர்களில் புற்றுநோய் காண்பது உலக அளவில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. அதிலும் இந்தியாவின் நிலை அறிஞர்களுக்கே ஒரு புதிர். ஜப்பான், கொரியா, சீன நாடுகளைக் காட்டிலும் இங்கே கிருமி குறைவன்று. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் அங்கே இருப்பதைவிட மிகக் குறைவு.

நாட்டுக்குள்ளும் இது ஒரே சீராக இல்லை. மிசோரம் மாநிலத்தில் மிக அதிகம். தென்னாட்டில், குறிப்பாகத் தமிழகத்தில், வடநாட்டு நகரங்களை விட அதிகம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம், சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. அதன் கணக்குகள் 1982 முதல் உள்ளன. அந்தத் தொடக்க ஆண்டுகளில் சென்னை ஆண்களைத் தாக்கிய புற்றுநோய்களில் முதலிடம் இரைப்பைக்கே இருந்தது. நமக்கு இன்னும் அருகே வருவோம். 1985 வரை மதுரை மாவட்டத்துடன் சேர்ந்திருந்த திண்டுக்கல் பகுதியில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. 2003 முதல் 2006 வரையிலான அதன் கணக்கிலும் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோயே முன்னால் நின்றது. வயலும் தோட்டமும் சிற்றூர்களும் நிறைந்த நாட்டுப்புறத்தின் கணக்கு அது.

ஒரே கிருமி பலருக்கு ஒன்றும் செய்யாமல் சிலரை மட்டும் வீழ்த்துவது ஏன்? கிருமியின் வகையில் வேறுபாடு உண்டு. மனிதரின் உடல்வாகில் வேறுபாடு உண்டு. புகைப் பழக்கமும், உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை மிகுதியாக உண்பதும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பச்சைக் காய்களும் பழங்களும் குறைக்கின்றன. இவ்வளவும் தெரிந்த பிறகும், இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அந்த ஞானம் அல்லாஹ்விடமே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நம் திண்ணைப் பெரியவர் மீண்டும் பேசுவார்: “பாத்தீங்களா? கடைசில விதிக்குத்தானே வந்து சேந்தீங்க!”

உமர் (ரலி) அவர்கள் திரும்பிய வழி

அவருக்கு நாம் பதில் சொல்வதைவிட, நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய பதிலை நினைவூட்டுவது நலம்.

கலீஃபா ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் சிரியா நாட்டை நோக்கிப் பயணம் சென்றார்கள். ஸர்ஃ என்ற இடத்தை அடைந்தபோது, படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களும் மற்றத் தலைவர்களும் எதிர்கொண்டு வந்து, அந்நாட்டில் கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தியைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) முஹாஜிர்களைக் கலந்தார்கள், அன்சாரிகளைக் கலந்தார்கள், இருசாராரிடமும் கருத்து வேற்றுமை இருந்தது. குறைஷி முதியவர்கள் ஒருமுகமாகத் திரும்பிச் செல்லும்படி ஆலோசனை கூறினர். திரும்புவதென்று முடிவாயிற்று. அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அல்லாஹ்வின் ஏற்பாட்டை விட்டு ஓடுவதா என்று கேட்டார்கள். நம் திண்ணைப் பெரியவரின் கேள்வியும் இதுவேதான்! ஆனால் கேட்டவர் சுவனத்து நன்மாராயம் பெற்ற சஹாபி.

உமர் (ரலி) அவர்கள் சொன்ன பதிலின் கருத்து இது: அல்லாஹ்வின் ஓர் ஏற்பாட்டிலிருந்து அவனுடைய இன்னோர் ஏற்பாட்டுக்கே நாம் செல்கிறோம். ஒருவர் ஒட்டகங்களை ஓட்டிக் கொண்டு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார். அதன் ஒரு சரிவு பசுமையாகவும் மற்றொன்று வறண்டும் இருக்கிறது. எதில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே மேய்க்கிறார் அல்லவா என்று விளக்கினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்தில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து விட்டு மதீனா திரும்பினார்கள்.

பசும்புல்லும் விதிதான்; வறண்ட பாறையும் விதிதான். ஆனால் ஒட்டகத்தின் கயிறு மேய்ப்பவர் கையில் இருக்கிறது. அதை எந்தப் பக்கம் இழுத்தோம் என்பது பற்றியே நாம் கேட்கப்படுவோம்.

இந்த வரலாறு இத்துடன் முடியவில்லை. அபூ உபைதா (ரலி) தம் படையினரை விட்டு நீங்காமல் சிரியாவிலேயே தங்கினார்கள். அம்வாஸ் கொள்ளை நோய் என்று வரலாறு குறிக்கும் அந்நோயில் அவர்களும், அவர்களுக்குப் பின் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். அதைக் கேட்ட உமர் (ரலி) அவர்களோ மற்ற சஹாபாக்களோ, ‘முன்பே சொன்னோம், கேட்கவில்லை’ என்று அந்த உத்தமர்கள் மீது பழி கூறினார்களா? இல்லை. ‘இன்னா லில்லாஹி’ என்று பொறுத்துக் கொண்டார்கள்.

முன்னும் பின்னும்

இந்த இரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைத்து விடுகிறது. நோய் வருமுன் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டார்கள், விசாரித்தார்கள், பாதையை மாற்றினார்கள். நோய் வந்து, முடிவு நேர்ந்த பின், அல்லாஹ்வின் ஏற்பாட்டுக்குத் தலை சாய்த்தார்கள். நடக்குமுன் முயற்சி, நடந்தபின் பொருத்தம். இதுவே அந்த உத்தமர்கள் கண்ட ஒழுங்கு.

நாம் என்ன செய்கிறோம்? இந்த ஒழுங்கை அப்படியே தலைகீழாக்கி விட்டோம். நோய் வருமுன், மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில், ‘எல்லாம் விதி’ என்கிறோம். நோய் வந்து ஒருவர் படுத்த பிறகு, விதியை நினைக்க வேண்டிய நேரத்தில், விதியை மறந்து காரணம் தேடுகிறோம். ‘அவர் தின்ற தீனி அப்படி’ என்கிறோம். ‘மனைவி ஆக்கிப் போட்ட காரம்’ என்கிறோம். ‘யார் பாவமோ’ என்று குசுகுசுக்கிறோம். நலம் விசாரிக்கச் சென்ற வீட்டில், நோயாளியின் காதில் விழும்படி இவற்றைப் பேசுவோரும் உண்டு. தனக்கு என்றால் விதி. பிறருக்கு என்றால் குற்றம்! இது என்ன நியாயம்?

கிருமியின் கணக்கே இந்த நாவுகளுக்குப் பூட்டுப் போடுகிறது. நூறு பேர் வயிற்றில் இருக்கிறது. ஓரிருவருக்குப் புற்று வருகிறது. மற்றவர்கள் அவரைவிடப் பேணுதலாக வாழ்ந்தார்கள் என்பதற்கு என்ன சான்று? குறை பேசுகிறவரின் வயிற்றிலேயே அதே கிருமி குடியிருக்கலாம். ஆகவே நோயாளியைப் பார்த்து நாவை நீட்ட எவருக்கும் உரிமை இல்லை. வயிற்று நோயால் இறக்கும் முஃமின் ஷஹீதுகளின் வரிசையில் சேர்வதாக நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்க, அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் யார்?

அந்த நற்செய்தியையும் நாம் இடமறிந்து எடுத்துக் கொள்ள வேண்டும். அது நோயுற்று மாய்ந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல்; நலமாக இருப்பவர் மருந்தைத் தட்டிக் கழிக்க அனுமதி அன்று. நீரில் மூழ்கி இறப்பவரும் ஷஹீத் என்று வந்திருப்பதைக் கேட்டு, நீச்சல் தெரியாதவன் வைகை வெள்ளத்தில் குதிப்பானா?

தாய் ஊட்டிய கவளம்

நல்ல உள்ளம் படைத்தோரைக் குடைகின்ற இன்னொரு கேள்வி உண்டு. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. வாய் வழியாகவும், வாந்தி வழியாகவும், சுத்தமில்லாத கை வழியாகவும், கழிவு கலந்த நீர் வழியாகவும் பரவுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது மிகுதி. பல்முளைக்காத பிள்ளைக்குத் தன் வாயில் மென்று குழைத்து ஊட்டிய தாய், சூடு பார்க்கத் தன் வாயில் வைத்த கரண்டியாலேயே புகட்டிய பாட்டி, இவர்கள் அன்பைத்தானே கொடுத்தார்கள்! அந்த அன்போடு கிருமியும் சென்றிருக்குமானால், அவர்கள் மீது குற்றம் உண்டா?

இல்லை என்றே சொல்வோம். அறியாமல், நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்கு அல்லாஹ் பிடிப்பதில்லை. உலகத்து மருத்துவர்களே 1982 வரை அறியாத ஒன்றை, நம் வீட்டுப் பெண்கள் அறியவில்லை என்று எப்படிக் குறை சொல்வது? நோயுற்ற மகனின் தலைமாட்டில் அமர்ந்து, ‘நான்தான் கொடுத்து விட்டேனோ’ என்று தாய் எவரும் நெஞ்சில் அடித்துக் கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அறியாமை நீங்கிய பின் நிலைமை மாறி விடுகிறது. இருட்டில் ஒருவர் காலை மிதித்தால் மன்னிப்பு உண்டு. விளக்கேற்றிய பின்னும் மிதித்தால்? அறிவு வந்ததும் பொறுப்பும் கூடவே வந்து விடுகிறது. இந்த உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். பிள்ளைகளின் உடலோ இரட்டை அமானிதம். அவர்களுக்குத் தனிக் கரண்டி வைப்பதும், மென்று ஊட்டுவதை விடுத்துக் கையால் மசித்து ஊட்டுவதும், கழிப்பிடம் சென்று வந்ததும் சமையலுக்கு முன்பும் சோப்பிட்டுக் கை கழுவுவதும், குடிநீரைக் கொதிக்க வைப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். பாத்திரங்களை மூடி வைக்கவும், குடிக்கும் பாத்திரத்தில் மூச்சு விடாதிருக்கவும், தேங்கிய நீரை அசுத்தப்படுத்தாதிருக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இவை நுண்பெருக்கிக்காகக் காத்திருந்த கட்டளைகள் அல்ல. விஞ்ஞானம் வந்து சான்றளித்தால்தான் மதிப்பு என்பதும் அல்ல. ஆனால் இவற்றைப் பேணிய வீட்டுக்குள் நோய் நுழைய வாசல் குறைவு என்பது கண்கூடு.

‘அப்படியானால் ஸஹனில் கூடியுண்பதை விட்டு விட வேண்டுமா?’ என்று சிலர் கேட்கலாம். வளர்ந்தவர்கள் ஓர் ஸஹனில் அமர்ந்து உண்பதை விட, சிறு வயதில் வீட்டுக்குள் நேரும் தொற்றே பெரும்பங்கு வகிக்கிறது. கூடியுண்பதில் பரக்கத்தும் சகோதரத்துவமும் இருக்கின்றன. அதன் ஒழுங்கையும் சேர்த்துப் பேண வேண்டும். உணவுத் தட்டில் கையை இங்குமங்கும் ஓடவிட்ட சிறுவர் உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு, பிஸ்மி சொல்லி, வலக்கரத்தால், தமக்கு முன்னாலுள்ளதை உண்ணும்படி நாயகம் (ஸல்) கற்பித்தார்கள். கையைக் கழுவி, தன் பக்கத்தில் உண்டு, விரல் சூப்பிய கையால் மீண்டும் அள்ளாமல் இருந்தால் ஸஹன் ஸஹனாகவே இருக்கும்.

அத்தாவிடமிருந்து வந்தது எது?

இனி, ‘எங்க அத்தாவுக்கு வந்தது எனக்கும் வரும்’ என்ற பேச்சுக்கு வருவோம். தாய் தந்தையருக்கோ உடன் பிறந்தோருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் அத்தாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது இரத்தம் மட்டுந்தானா? ஒரே வீடு, ஒரே குடம், ஒரே உப்புச் சாடி, ஒரே கிருமி, இவையும் வந்தன. இரத்தத்தை மாற்ற முடியாது, மற்றவற்றை மாற்றலாம். இரைப்பைப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய உறவினர்களிடம் தென்கொரியாவில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்தது. மருந்துண்டு கிருமியை ஒழித்தவர்களுக்கு, ஒழிக்காதவர்களைக் காட்டிலும் ஆபத்து பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் சோதித்து மருந்து கொடுத்ததில், இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆக, ‘அத்தாவுக்கு இருந்தது’ என்பது மருத்துவரிடம் போகாமலிருக்கக் காரணமன்று. முதல் ஆளாகப் போவதற்கே அது காரணம்!

எல்லோரும் நாளையே சோதனைக்கு ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாதி மக்களிடம் இருக்கும் கிருமிக்கு எல்லோரும் மருந்து தின்னத் தொடங்கினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி வேறு தீங்குகள் விளையும். வயிற்றுப் புண் இருப்பவர், நெருங்கிய உறவில் இந்நோய் இருந்தவர், மாதக்கணக்கில் நெஞ்செரிச்சலுக்கும் செரியாமைக்கும் மாத்திரை விழுங்குபவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூச்சுக் காற்றைக் கொண்டும் மலத்தைக் கொண்டும் கிருமியைக் கண்டறியும் எளிய சோதனைகள் உள்ளன. நடுவயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் செரியாமை, இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பிய உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல், தாரைப் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணம் தெரியாத இரத்த சோகை, இவற்றில் எதைக் கண்டாலும் தாமதம் கூடாது. வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு அஞ்சிப் பலர் ஒதுங்குகிறார்கள். சில நிமிடங்களில் முடியும் அந்தச் சோதனை, தொடக்கத்திலேயே நோயைக் காட்டிக் கொடுத்து உயிரைக் காக்கக் கூடியது. பணமில்லாதோருக்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. செலவு அதிகம் என்று சாக்குச் சொல்வோர், இருபது ஆண்டுகளாகக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மருந்து தொடங்கியவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் இரண்டு மூன்று நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் பதினான்கு நாட்கள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதும் பலர் நிறுத்தி விடுகிறார்கள். அரைகுறையாகத் தாக்கப்பட்ட கிருமி சாவதில்லை. மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக் கொள்கிறது. அதே கிருமி நாளை அவர் பேரப்பிள்ளைக்குத் தொற்றினால், அந்தக் குழந்தைக்கு அம்மருந்து வேலை செய்யாது. எனவே மருந்தை முழுமையாக உண்பது நம் உடல்நலத்தோடு நிற்பதன்று; அடியார்களின் உரிமையைச் சேர்ந்ததும் ஆகும். முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுசோதனை செய்து கொள்வதும் அவசியம். ரமலானில் வேளை தவறும் என்று அஞ்சுவோர், மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முன்போ பின்போ வைத்துக் கொள்ளலாம். தள்ளிப் போடக் கூடாத நோயென்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு ஷரீஅத் அளித்திருக்கும் சலுகையை ஏற்பதும் பணிவே.

சமையற்கட்டைப் பற்றியும் ஒரு சொல். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியை உப்புக்கண்டம் போட்டு மாடியில் கோத்து உலர்த்துவதும், கருவாடும் ஊறுகாயும் நம் வீடுகளில் தொன்று தொட்டு வருபவை. எப்போதாவது உண்பதில் தடையில்லை. நாள்தோறும் அதுவே கறி என்றானால், மிகுதியான உப்பு இரைப்பைப் படலத்தைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறந்து விடுகிறது. மேலை நாடுகளில் இக்கிருமியை எவரும் அறியுமுன்பே, சென்ற நூற்றாண்டில், இரைப்பைப் புற்றுநோய் பெருமளவு குறைந்தது. குளிர்பதனப் பெட்டி வந்து உப்பிட்ட உணவு குறைந்ததும், ஆண்டு முழுவதும் பழமும் காயும் கிடைத்ததும், வீடுகளில் நெரிசலும் அசுத்தமும் குறைந்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோன்பு திறந்ததும் முதல் வேலையாகப் பீடியைத் தேடும் கை, பகலெல்லாம் காத்த வயிற்றுக்கு என்ன நன்மை செய்கிறது? வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவருக்கு நோய் வரலாம். கை கழுவியவருக்கும் வரலாம், புகையாதவருக்கும் வரலாம், மருந்தை முழுமையாக உண்டவருக்கும் வரலாம். அப்போது, ‘எல்லாம் செய்தேனே, எனக்கேன்?’ என்ற கேள்வி எழும். அந்த நேரத்திற்காகத்தான் கத்ரின் மீதான நம்பிக்கையை அல்லாஹ் நமக்குக் கொடுத்திருக்கிறான். உழுது விதைத்து நீர் பாய்ச்சிய பின், விளைச்சல் பொய்த்துப் போன வயலின் வரப்பில் நிற்கும் விவசாயி சொல்லும் ‘அல்ஹம்துலில்லாஹ்’வுக்குக் கனம் உண்டு. உழாத நிலத்தைப் பார்த்துச் சொல்லும் ‘விதி’க்கு என்ன கனம்?

ஆகவே சகோதரர்களே, தாய்மார்களே! நோய் வருமுன் ஒட்டகத்தின் கயிற்றை இறுகப் பற்றுவோம். வந்தபின் கயிற்றுக்குரியவனிடம் ஒப்படைப்போம். நோயுற்றவர் வீட்டுக்குச் சென்றால், காரணம் தேடாமல் அவர் கரம் பற்றி துஆச் செய்வோம். மருந்துச் செலவுக்கு உதவுவோம். நம் வீட்டில் வயிற்றைப் பிடித்துக் கொண்டிருக்கும் அத்தாவையோ அண்ணனையோ இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

முயற்சி செய்ய வேண்டிய இடத்தில் முயற்சியையும், பொருந்திக் கொள்ள வேண்டிய இடத்தில் பொருத்தத்தையும், இரண்டையும் பிரித்தறியும் தெளிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்றோர் யாவருக்கும் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன்.